நாய் குரைத்தது, நாம் மொழிபெயர்த்தோம்

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவில் மூன்று பழைய ஆங்கிலத் துப்பறியும் கதைகள் வருகின்றன. முதல் இரண்டில் முடிச்சை அவிழ்க்காமல் என்னால் பேச முடியாது. மூன்றாவது அகதா கிறிஸ்டி நாவல். அதில் கொலையாளி யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன். முடிவு தெரியாமல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் கதைகளைப் படித்துவிட்டே வாருங்கள். பதிவு எங்கேயும் ஓடிவிடாது.

ஆங்கிலத்தில் 'கோஸி' என்று ஒரு கதைவகை உண்டு. மழை நாளில் போர்வைக்குள் உட்கார்ந்து டீயோடு படிக்கிற மாதிரியான துப்பறியும் கதை. கொலை நடக்கும், ஆனால் ரத்தம் நம்மேல் தெறிக்காது. சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கண்டுபிடிப்பவர் போலீஸ்காரர் இல்லை. பாதிரியார், கல்யாணம் ஆகாத வயதான அம்மா, நூலகர், பேக்கரி நடத்துகிறவர், இப்படி யாராவது. நம்ம தேவனின் துப்பறியும் சாம்பு பேங்க் குமாஸ்தாவாக இருந்து துப்பறிய வந்தவர்தானே? அவருடைய அசட்டு அதிர்ஷ்டம் இவர்களுக்குக் கிடையாது. ஆனால் 'இது என் தொழில் இல்லை, இருந்தாலும் மூக்கை நுழைக்கிறேன்' என்கிற அம்சம் ஒன்றுதான்.

இந்த வகைக்குள்ளேயே நாய்க்கதைகள் தனிக் கிளை. சூசன் கோனன்ட் 1990-ல் தொடங்கிய வரிசையில் துப்பறிகிறவர் ஹாலி விண்டர் என்ற பெண். நாய்களைப் பற்றிய பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர். கூடவே அலாஸ்கன் மாலமூட் நாய்கள். லாரியன் பெரன்சன் 1995-ல் தொடங்கிய வரிசையில் பூடில் நாய்களும் நாய்க் கண்காட்சி உலகமும். இந்தக் கிளைக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது: மனிதர்கள் எத்தனை பேர் செத்தாலும் பரவாயில்லை, நாய் சாகக்கூடாது. சிரிக்காதீர்கள். ஒரு படத்தில் நாய் சாகுமா சாகாதா என்று முன்கூட்டியே சொல்வதற்காகவே ஒரு இணையதளம் நடக்கிறது.

இந்தக் கதைகளைப் பற்றி எனக்கு இருப்பது ஒரே கேள்விதான். நாய் கதையில் என்ன வேலை பார்க்கிறது? அட்டைப்படத்துக்கு அழகாக நிற்கிறதா, இல்லை சாட்சியாக நிற்கிறதா? சாட்சி என்றால் அது சொன்னதை யார் மொழிபெயர்ப்பது? நல்ல நாய்க்கதையையும் மோசமான நாய்க்கதையையும் பிரிக்கிற கோடு இந்த மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தக் கோடு வெறும் இலக்கிய விஷயம் இல்லை என்பதை நான் கொஞ்சம் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அதையும் சொல்கிறேன்.

குரைக்காத நாய் (1892)

எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்து ஆரம்பிப்போம். கானன் டாயிலின் 'சில்வர் பிளேஸ்', 1892 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்தது. ஹோம்ஸ் அமெச்சூர் இல்லை, காசு வாங்கித் துப்பறிகிறவர். கோஸி வகையும் இல்லை. ஆனால் பின்னால் வந்த எல்லா நாய்க்கதைக்கும் இதுதான் மூலக்கோடு.

டார்ட்மூர் பொட்டல்வெளியில் ஒரு குதிரைப் பயிற்சி லாயம். பந்தயத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் பணம் கட்டியிருக்கிற குதிரை ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகிறது. பயிற்சியாளர் ஸ்ட்ரேக்கர் வெளியே செத்துக் கிடக்கிறார். அன்று சாயங்காலம் லாயத்துப் பக்கம் சுற்றிய சிம்ப்சன் என்ற வெளியாள் கைதாகிறான். லாயத்தில் காவலுக்கு இருந்த பையனின் சாப்பாட்டில் அபின். அபின் வாசனை தெரியாமல் இருக்க அன்றைய சமையல் மசாலா போட்ட ஆட்டுக்கறியாக இருந்திருக்கிறது. (சப்பென்ற இங்கிலீஷ் சமையலாக இருந்திருந்தால் கொலையே நடந்திருக்காதோ என்று நம் ஊர் வாசகனுக்குத் தோன்றத்தான் செய்யும்.)

ஹோம்ஸ் பிடிக்கிற முக்கியமான துப்பு: லாயத்தில் ஒரு நாய் இருந்தது, ராத்திரி யாரோ உள்ளே வந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள், மாடியில் தூங்கிய பையன்கள் எழுந்திருக்கும் அளவுக்கு அது குரைக்கவில்லை. ஆகவே வந்தவர் நாய்க்கு நன்கு பழக்கமானவர். அதாவது செத்துப்போன ஸ்ட்ரேக்கரே. குதிரையின் காலில் நுட்பமாகக் கத்தி போட்டு நொண்டியாக்கப் போனவர் அதன் உதை பட்டுச் செத்திருக்கிறார்.

என் வேலையில் இதை தினமும் பார்க்கிறேன். சர்வரில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் லாக் கோப்பைத் திறப்போம். இளம் பொறியாளர்கள் அதில் பதிவான பிழைகளைத் தேடுவார்கள். கொஞ்சம் அடிபட்டவர்கள் பதிவாகியிருக்க வேண்டியது எது பதிவாகவில்லை என்று தேடுவார்கள். 'சில்வர் பிளேஸ்' நாய் அந்த இரண்டாவது வகை.

ஆனால் அதே தொழில் கண்ணோடு பார்த்தால் ஒரு ஓட்டையும் தெரிகிறது. லாக் அமைதியாக இருந்தால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, எதுவும் நடக்கவில்லை. இரண்டு, லாக் எழுதுகிற ப்ரோக்ராமே செத்துவிட்டது. அதனால்தான் 'உயிரோடு இருக்கிறேன்' என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் துடிப்பு அனுப்ப வைப்போம். பையனுக்கு அபின் கொடுத்தவன் நாய்க்கும் ஒரு துண்டு கறி போட்டிருந்தால்? குரைக்காததற்குப் பழக்கம்தான் காரணம் என்று எப்படித் தீர்மானிப்பது? ஹோம்ஸ் அந்தக் கதவை முறையாக மூடவில்லை. குதிரைப் பந்தய விவரங்களில் இந்தக் கதையில் தப்பு இருப்பதை டாயிலே தன் நினைவுக்குறிப்பில் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். நாய் விஷயத்தில் யாரும் அவரை அவ்வளவாக மடக்கினதாகத் தெரியவில்லை.

இருந்தும் கதை நிற்கிறது. ஏன் என்றால் ஹோம்ஸ் நாய்க்கு எந்த அமானுஷ்யமும் கொடுக்கவில்லை. தெரிந்தவரைப் பார்த்தால் காவல் நாய் குரைக்காது. அவ்வளவுதான். நாய் வளர்க்கிற யாருக்கும் தெரிந்த விஷயம்.

குரைத்த நாய் (1926)

இனி அமெச்சூர். ஜி.கே. செஸ்டர்டனின் பாதிரியார் பிரவுன் கதைகளில் 'தி ஆரக்கிள் ஆஃப் தி டாக்' 1926-ல் வந்த 'தி இன்கிரெடுலிட்டி ஆஃப் ஃபாதர் பிரவுன்' தொகுப்பில் இருக்கிறது. 'நாயின் அருள்வாக்கு' என்று தமிழில் சொல்லலாம். என்னைக் கேட்டால் நாய்க்கதைகளிலேயே மிக நேர்மையானது இதுதான்.

யார்க்‌ஷர் கடற்கரையில் ஒரு வீடு. கர்னல் ட்ரூஸ் தோட்டத்துக் கோடியில் உள்ள கோடைக்குடிலில் முதுகில் குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். குடிலுக்குப் போகிற ஒரே வழியை ஏணியில் நின்று வேலி கத்தரித்துக்கொண்டிருந்த காரியதரிசி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் உள்ளே போகவில்லை. குத்திய ஆயுதமும் கிடைக்கவில்லை.

ஃபைன்ஸ் என்ற இளைஞன் பாதிரியாரிடம் இதைச் சொல்கிறான். அவனைப் பொறுத்தவரை மர்மம் கொலையில் இல்லை, நாக்ஸ் என்ற பெரிய கறுப்பு நாயிடம் இருக்கிறது. கொலை நடந்த அதே நேரத்தில், கொஞ்சம் தள்ளிக் கடற்கரையில் தங்களோடு இருந்த நாக்ஸ் திடீரென்று வானத்தைப் பார்த்து ஊளையிட்டது. அப்புறம் குடும்ப வக்கீலைப் பார்த்ததும் பாய்ந்து குரைத்தது. கொலை நடந்தது நாய்க்குத் தெரிந்திருக்கிறது, கொலைகாரனையும் அது காட்டிக்கொடுத்துவிட்டது என்பது இளைஞனின் மொழிபெயர்ப்பு.

பாதிரியார் பிரவுன் சம்பவ இடத்துக்குப் போவதே இல்லை. உட்கார்ந்த இடத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் கேட்கிற கேள்வி ரொம்ப சாதாரணமானது: ஊளையிடுவதற்கு முன்னால் நாய் என்ன செய்துகொண்டிருந்தது? கர்னலின் அண்ணன் தம்பி பிள்ளைகள் இரண்டு பேர் கைத்தடியைக் கடலில் வீசி நாயை எடுத்துவரச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தார்கள். முதலாமவன் தடியைக் கொண்டுவந்தது. அடுத்து ஹாரி தன் தடியை வீசினான். நாய் நீந்திப் போனது, பாதியில் நின்றது, வெறும் வாயோடு கரைக்குத் திரும்பி நின்று ஊளையிட்டது.

ஏன் ஊளையிட்டது? தடி கிடைக்கவில்லை, அதனால்தான். சாதா மரத்தடி மிதக்கும். ஹாரியின் தடி மூழ்கிவிட்டது, ஏனென்றால் அதற்குள் எஃகுக் கத்தி இருந்தது. குடிலின் மரச்சுவர் இடுக்கு வழியாக வெளியிலிருந்தே குத்திவிட்டு, தோழர்களோடு உலாத்தப் போய், எல்லோர் கண் முன்னாலும் ஆயுதத்தைக் கடலில் எறிந்திருக்கிறான். கொலைக்குப் பின் வருகிற ஊளையை அமானுஷ்யமாக நினைத்தார்கள். அது ஒரு நாயின் ஏமாற்றம்.

சரி, வக்கீல்? அவர் பதற்றக்காரர். நாய்களுக்குப் பதறுகிறவர்களைப் பிடிக்காது. குரைத்தது. வேறு ஒன்றும் இல்லை.

கதையில் பாதிரியார் மதவாதி, இளைஞன் நவீனமானவன். ஆனால் பகுத்தறிவோடு பேசுகிறவர் பாதிரியார். நாய்க்குத் தெரியும் என்று சாமியாடுகிறவன் நவீன இளைஞன். செஸ்டர்டனின் குத்தல் அங்கேதான். சாமியை விட்டுவிட்டவர்கள் நாயை சாமியாக்கிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். அவருடைய மத வாதத்தை நான் ஏற்கவில்லை. கடைசிப் பக்கப் பிரசங்கமும் கொஞ்சம் நீளம்தான். இன்னொரு குறையும் உண்டு. ஒரே ஒரு தகவலை வைத்து (மூழ்கிய தடி) ஒருவனைக் கொலைகாரன் என்பது, ஒரே ஒரு பிழைச்செய்தியை வைத்து முழு சிஸ்டத்தையும் குற்றம் சொல்வது மாதிரி. ஆனால் அவர் சொல்வதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது: கடலில் தேடினால் தடி கிடைக்கும், அல்லது கிடைக்காது. 'நாய்க்கு உள்ளுணர்வு' என்பதை எங்கே போய்த் தேடுவது?

எங்கள் கருப்பன்

இந்தக் கதையை நான் முதலில் கல்லூரிக் காலத்தில் படித்தபோது புத்திசாலித்தனமான புதிர் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். இரண்டாம் முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது.

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் மொட்டை மாடிப் பித்தளைக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. அந்த சமயத்தில்தான் ராத்திரி வாட்ச்மேனாக ஒடிசாவிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். தமிழ் கொஞ்சம்தான். எங்கள் தெரு நாய் கருப்பன் (எல்லா வீட்டிலும் சாப்பிடுவான், எந்த வீட்டுக்கும் சொந்தம் இல்லை) அந்தப் பையனைப் பார்த்தாலே குரைக்கும். விடாமல் குரைக்கும்.

அசோசியேஷன் மீட்டிங்கில் பேச்சு வந்தது. "நாய்க்குத் தெரியும் சார். மனுஷனை ஏமாத்தலாம், நாயை ஏமாத்த முடியாது" என்றார் ஒரு பெரியவர். ஏழெட்டு தலைகள் ஆடின. அதில் ஒன்று என் தலை. வேறு எந்த ஆதாரமும் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பையனை மாற்றிவிட்டார்கள். போகும்போது கேட்டருகில் நின்று என்னிடம், "அண்ணா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டான். ஏஜென்சி முடிவு, எனக்குத் தெரியாதுப்பா என்று சொன்னேன். அது பொய்.

அடுத்து வந்தவர் நம்ம ஊர்க்காரர், ஐம்பது வயசு. கருப்பன் அவரையும் குரைத்தான். மூன்றாவதாக வந்தவரைக் குரைக்கவே இல்லை. என் மனைவிதான் கருப்பனுக்கு தினமும் சோறு வைப்பவர். "ஏங்க, அது ஆளைப் பாத்தா குரைக்குது? கைல தடி இருந்தா குரைக்குது. யாரோ முன்னாடி நல்லா அடிச்சிருக்காங்க" என்றார் ஒரு நாள், தோசை வார்த்துக்கொண்டே. மூன்றாமவர் வெறும் டார்ச்தான் வைத்திருந்தார்.

பாதிரியார் பிரவுன் கேட்ட அதே சாதாரணக் கேள்வி. நாயின் பக்கம் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது? தடி. அந்த மீட்டிங்கில் இருந்த எங்களில் மூன்று பேர் பொறியாளர்கள், ஒருவர் வக்கீல். யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. குழாய்கள் போன எந்த ராத்திரியும் கருப்பன் குரைத்ததாக யாரும் சொல்லவில்லை. ஹோம்ஸ் கணக்குப்படி பார்த்தால் எடுத்தது கருப்பனுக்குப் பழக்கமான கை. ஒருவேளை அந்த மீட்டிங்கில் எங்களோடு தலையாட்டிய கையாகவே இருக்கலாம். அல்லது அன்று கருப்பன் பக்கத்துத் தெருவில் தூங்கியிருக்கலாம். முன்னால் நான் சொன்ன அதே ஓட்டை. யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. தெரியாத விஷயத்துக்கு ஒருவன் வேலை போனது மட்டும் தெரியும்.

நிதானமாக யோசித்தால், நாய் குரைத்ததால் எங்களுக்கு அவன்மேல் சந்தேகம் வரவில்லை. வெளியூர்க்காரன், பாஷை தெரியாதவன் என்று சந்தேகம் முன்னாலேயே இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கருப்பன் குரைத்ததும் அதை அவன் தலையில் போட்டுவிட்டோம்.

நாயின் பின்னால் நிற்கும் மனிதர்

இது கதைகளிலும் எங்கள் மொட்டை மாடியிலும் மட்டும் நடப்பது இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லிசா லிட் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. போதைப்பொருளோ வெடிபொருளோ மோப்பம் பிடிக்கப் பயிற்சி பெற்ற நாய்கள், அவற்றின் கையாளுநர்கள், மொத்தம் 18 ஜோடிகள். ஒரு தேவாலயக் கட்டடத்தில் தேடச் சொன்னார்கள். சில இடங்களில் சரக்கு இருக்கலாம், சில இடங்களில் அடையாளமாகச் சிவப்புக் காகிதம் இருக்கும் என்று கையாளுநர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் கட்டடம் முழுக்க எதுவுமே இல்லை. 144 தேடல்களில் 21-ல் மட்டுமே நாய் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சரியாக வந்தது. மீதி எல்லாவற்றிலும் ஒரு முறையாவது 'இங்கே இருக்கிறது' என்று கையாளுநர் அறிவித்தார். நாயை இழுக்க ஒளித்து வைத்திருந்த தொத்திறைச்சித் துண்டுகளைவிட, மனிதரை இழுத்த சிவப்புக் காகிதத்தின் அருகில்தான் இந்த அறிவிப்புகள் அதிகம்.

அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு கொலை வழக்கில், கொலை நடந்து மூன்று வருஷம் கழித்து, ப்ளட்ஹவுண்ட் நாய்களை வைத்து வாசனை அடையாள அணிவகுப்பு நடத்தினார்கள். அதையே முக்கிய ஆதாரமாக வைத்து ஒருவருக்குத் தண்டனையும் கிடைத்தது. 2010-ல் மாநிலத்தின் உச்ச குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாயின் வாசனை அடையாளம் மட்டும் தனியாக ஒருவரைத் தண்டிக்கப் போதாது என்றது.

நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிற ஒரு வரி ஞாபகம் வருகிறதா? மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை என்பார்கள். சின்ன வயசில் அதைப் படித்து ஏமாற்றமாக இருக்கும். இப்போது படித்தால் நிம்மதியாக இருக்கிறது.

குற்றவாளிக் கூண்டில் நாய் (1937)

கிறிஸ்டியின் 'டம்ப் விட்னஸ்' 1937-ல் வந்தது. அமெரிக்காவில் வேறு தலைப்பு: 'பாய்ரோ லூஸஸ் எ க்ளையன்ட்'. பாய்ரோ தொழில்முறைத் துப்பறிவாளர்தான். ஆனால் இந்த நாவலில் மார்க்கெட் பேஸிங் என்ற சின்ன ஊருக்குப் போய், பொய்க் காரணங்கள் சொல்லிக்கொண்டு, வீடு வீடாக டீ குடித்து வம்பு கேட்கிறார். கட்சிக்காரரே செத்துப்போயிருக்கிறார், காசு கொடுக்கக்கூட ஆள் இல்லை. ஆக, நடைமுறையில் அமெச்சூர். கிறிஸ்டி இந்த நாவலைத் தன் வீட்டு நாய் பீட்டருக்குச் சமர்ப்பித்திருக்கிறார்.

வசதியான வயதான எமிலி அருண்டெல். அவரது நாய் பாப், கம்பி மாதிரி முடி உள்ள டெரியர். பந்தை மாடிப்படியின் உச்சியில் வைத்து மூக்கால் தள்ளிவிடுவது அதன் விளையாட்டு. ஈஸ்டர் விடுமுறைக்கு உறவினர்கள் எல்லாம் வந்திருக்கிற ஒரு ராத்திரி எமிலி படியில் உருண்டு விழுகிறார். பாப் படியில் விட்டுப்போன பந்தை மிதித்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் அவர் ஏதோ கல்லீரல் கோளாறு என்று செத்தும் போகிறார். அவர் எழுதிய கடிதம் இரண்டு மாதம் தாமதமாகப் பாய்ரோவுக்கு வருகிறது.

மூன்று கதைகளிலும் இந்தத் தொடக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நாய் இங்கே சாட்சி இல்லை, குற்றவாளி. வாயில்லாத ஜீவன், மறுக்க முடியாது, அதனால் பழி போட வசதி. பாய்ரோவின் முதல் வேலை பாப்பை விடுதலை செய்வது. அந்த ராத்திரி முழுக்க பாப் வெளியே ஊர் சுற்றப் போயிருந்தது. பந்தை வீட்டுக்குள் எடுத்து வைத்தாகிவிட்டது. ஆகவே படியில் பந்தை விட்டிருக்க பாப்பால் முடியாது. மாடிப்படி உச்சியில் சுவரோரப் பலகையில் ஒரு ஆணி, வார்னிஷ் பூசி மறைத்தது. யாரோ கயிறு கட்டியிருக்கிறார்கள். நாயின் அலிபி நிரூபணமானதும் விபத்து கொலைமுயற்சியாக மாறுகிறது.

இதில் ஒரு அழகான சின்ன விஷயம். நோயில் எமிலி உளறிய வார்த்தைகளில் பாப், நாய், படம், 'அஜார்' என்று வருகிறது. கதவு பாதி திறந்திருந்ததைச் சொல்கிறார் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னது 'எ ஜார்', ஒரு ஜாடி. வரவேற்பறையில் இருந்த ஜாடியில், ராத்திரி முழுக்க வெளியே தங்கிவிட்டுக் கதவருகில் காத்திருக்கும் நாயின் படம். மனுஷி தெளிவான இங்கிலீஷில் சொன்னதையே தப்பாக மொழிபெயர்க்கிறோம். குரைப்பை எந்தத் தைரியத்தில் மொழிபெயர்க்கிறோம்?

நாவலின் பலவீனமும் அதே இடத்தில்தான். கதைசொல்லி ஹேஸ்டிங்ஸ் பாப்பின் குரைப்பை எல்லாம் வசனமாக எழுதிவிடுகிறார். முதலில் சிரிப்பு வருகிறது. இருபதாவது தடவை அலுக்கிறது. நாவலின் இரண்டாம் பாதியில் பாப்புக்கு வேலையே இல்லை. விஷம், ஆவி அழைக்கும் கூட்டம், கண்ணாடியில் தெரிந்த ஒரு பிரோச் என்று விஷயம் வேறு பக்கம் போய்விடுகிறது. ஆனால் பாய்ரோ அப்படி மொழிபெயர்ப்பது இல்லை. தபால்காரரைப் பார்த்து நாய்கள் ஏன் குரைக்கின்றன என்று அவர் ஒரு இடத்தில் விளக்குவார். தினமும் வருகிறார், கதவைத் தட்டுகிறார், ஒருநாள்கூட உள்ளே விடப்படுவதில்லை. நாயின் தர்க்கப்படி வேண்டாத ஆள் என்றுதானே அர்த்தம்? நாயின் தர்க்கம் சரி, தபால்காரரும் நல்லவர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அந்த மீட்டிங்கில் எங்களுக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு பத்திதான்.

அப்படியானால் எதைப் படிக்கலாம்?

இன்றைய நாய்க் கோஸிகளில் பல என்னைக் கவராததற்குக் காரணம் இதுதான். நாயைச் சாகவிடாமல் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், நல்லது. ஆனால் கெட்டவனைக் கண்டால் நாய் உறுமும், நல்லவன் மடியில் தலை வைக்கும். வாசகருக்கு ஐம்பதாம் பக்கத்திலேயே யாரை நம்புவது என்று தெரிந்துவிடும். இது புதிரைக் கெடுக்கிறது என்பது சின்னக் குறை. 'நாய்க்குத் தெரியும் சார்' என்ற அந்தப் பெரியவரின் வாக்கியத்தை இதமாக, டீயோடு சேர்த்து, நம்மை நம்பவைக்கிறது என்பதுதான் பெரிய குறை.

கோனன்ட் மாதிரி எழுத்தாளர்கள் பிழைப்பது அவர்களுக்கு நாய் வளர்ப்பின் நடைமுறை தெரியும் என்பதால். பயிற்சி எப்படி நடக்கிறது, நாய் எந்தக் கட்டளைக்கு என்ன செய்யும் என்கிற அறிவே அங்கே துப்பறியும் அறிவாக மாறுகிறது. இந்த வகைக் கதையில் அமெச்சூருக்கு உள்ள ஒரே உரிமை அதுதான் என்று நினைக்கிறேன். போலீசிடம் ஆய்வுக்கூடம் இருக்கிறது. இவரிடம் இருப்பது தினமும் சோறு வைத்த பழக்கம்.

மூன்றில் ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் செஸ்டர்டன். சிறுகதைதான், ஒரு மணி நேரம்கூட ஆகாது. படித்து முடித்ததும் நீங்கள் யாரைப் பற்றியாவது 'எனக்கு முதல்லயே தெரியும், நாய்கூட அவனைப் பாத்துக் குரைச்சுது' என்று எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஏஜென்சியில் பின்னால் விசாரித்தேன். பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்றார்கள். கருப்பன் இப்போது கிழவன் ஆகிவிட்டான், எதற்கும் குரைப்பதில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால், வயசாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.